யு, யுஏ, ஏ: தணிக்கை எழுத்தைப் பெற்றோர் படிக்கும் விதம்

படம் தொடங்குமுன் திரையில் சில விநாடிகள் நிற்கும் தணிக்கைச் சான்றிதழ், அரசு தியேட்டர்காரருக்குத் தரும் அனுமதிச் சீட்டு. இந்தப் படத்துக்கு யாரை உள்ளே விடலாம், யாரை வாசலிலேயே நிறுத்த வேண்டும் என்பதற்கு அதில் விடை இருக்கிறது. ஏழு வயது மகளை அழைத்துப் போகலாமா என்று யோசிக்கும் தாய்தகப்பனின் கேள்வி வேறு. இதைப் பார்த்த பிறகு பிள்ளை இன்றிரவு தூங்குவாளா, திரையில் கண்ட எதைச் சரியென்று மனத்தில் எடுத்துக்கொள்வாள் என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். முதல் கேள்விக்குக் கிடைத்த விடையை இரண்டாவது கேள்விக்கும் வைத்துக்கொள்வதால்தான் பல குடும்பங்கள் இடைவேளையில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகின்றன. உணவுப் பொட்டலத்தின் பச்சைப் புள்ளி அது சைவம் என்று சொல்லும். காரம் எவ்வளவு என்று சொல்லாது. தணிக்கை எழுத்தை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கிருந்து பெற்றோரின் வேலை தொடங்குகிறது என்பதை இந்த அத்தியாயம் பார்க்கிறது.

அந்த எழுத்து எதற்காகப் பிறந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் தெரிந்துவிடும். இந்தியாவில் திரைப்படத் தணிக்கை ஆங்கிலேயர் காலத்தில் 1918-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு தொடங்கியது. சென்னை, பம்பாய், கல்கத்தா போன்ற நகரங்களில் தணிக்கை வாரியங்கள் அமைந்தன. அன்றைய கவலை ஆட்சியையும் பொது ஒழுங்கையும் பற்றியது. குழந்தைகள் அதில் முதலிடம் பெறவில்லை. இன்றும் நடைமுறையில் இருக்கும் ஒளிப்பதிவுச் சட்டம் 1952-இல் வந்தது. எல்லோரும் பார்க்கத்தக்கது, வயது வந்தோர் மட்டும் பார்க்கத்தக்கது என்று அது படங்களை இரண்டாகப் பிரித்தது. கே.ஏ. அப்பாஸ் தொடுத்த வழக்கில் 1970-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், சினிமாவுக்கு முன்தணிக்கை செல்லும் என்று ஏற்றுக்கொண்டது. மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்ச்சிகளை அசைக்கும் ஆற்றல் திரைப்படத்துக்கு உண்டு, இளம் வயதினரிடம் அது கூடுதலாக வேலை செய்யும் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 1983-இல்தான் வாரியத்தின் பெயர் திரைப்படச் சான்றிதழ் வாரியம் என்று மாறியது. பெற்றோர் வழிகாட்டலோடு குழந்தைகள் பார்க்கலாம் என்ற யுஏ பிரிவும், மருத்துவர் போன்ற குறிப்பிட்ட துறையினருக்கு மட்டுமான எஸ் பிரிவும் அந்த ஆண்டில் சேர்ந்தன.

இதில் பெற்றோருக்கு நேரடியாகப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. 1983-க்கு முந்தைய பழைய படத்தை வீட்டில் போடும்போது அதன் யு சான்றிதழை இன்றைய யு-வுக்குச் சமமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அன்று இருந்தவை இரண்டே பெட்டிகள். வயது வந்தோருக்கு மட்டும் என்று சொல்லுமளவுக்குப் போகாத எதுவும் யு பெட்டியில்தான் விழ வேண்டும். கொலையும் பழிவாங்கலும் நிறைந்த படமும், குழந்தைகளுக்கென்றே எடுத்த புராணப் படமும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். 1983-க்குப் பிந்தைய யுஏ படங்களிலும் இதே சிக்கல் வேறு வடிவில் உண்டு. நாற்பது ஆண்டுகளாக அந்த ஒரே குறியீடு ஐந்து வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட எல்லாவற்றையும் சுமந்தது. ஷியாம் பெனகல் தலைமையிலான குழு 2016-இல் அதை வயதுவாரியாகப் பிரிக்கச் சொன்னது. 2023-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமும் 2024-ஆம் ஆண்டு விதிகளும் அதைச் செய்தன: யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+. நல்ல மாற்றம், வெகுகாலம் தாமதித்து வந்த மாற்றம். ஆனால் சட்டத்தில் இந்த எண்களின் தகுதி என்ன என்பதைக் கவனியுங்கள். ஏ சான்றிதழ் பெற்ற படத்துக்குப் பதினெட்டு நிறையாதவரை அனுமதிக்கக் கூடாது. பெற்றோர் கூடவே வந்தாலும், டிக்கெட் வாங்கியிருந்தாலும் விதி மாறாது. யுஏ-வை ஒட்டிய 7, 13, 16 என்ற எண்கள் பெற்றோருக்கான பரிந்துரை மட்டுமே. ஐந்து வயதுப் பிள்ளையோடு யுஏ 16+ படத்துக்குப் போனால் வாசலில் யாரும் தடுக்க வேண்டியதில்லை. முடிவைச் சட்டமே உங்கள் கையில் கொடுத்திருக்கிறது.

யு சான்றிதழின் பொருளைப் பணமும் குழப்பியது. தமிழ்ப் பெயர் வைத்த படங்களுக்கு 2006-இல் தமிழக அரசு கேளிக்கை வரி விலக்கு தந்தது. 2011-இல் அதற்கு மேலும் நிபந்தனைகள் சேர்ந்தன. படம் யு சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. நோக்கத்தைக் குறைசொல்ல முடியாது. குடும்பத்தோடு பார்க்கும் படங்களை ஊக்குவிக்க வேண்டும் என்றுதான் அரசு நினைத்தது. ஆனால் விளைவைப் பாருங்கள். ஒரு எழுத்துக்கும் இன்னொரு எழுத்துக்கும் நடுவே பெரும் தொகை வந்து நின்றது. யுஏ என்று வரக்கூடிய படத்தைச் சில இடங்களில் வெட்டி, சில சொற்களின் ஒலியை அணைத்து, சில காட்சிகளை மங்கலாக்கி யு வாங்குவது தயாரிப்பாளருக்கு நேர்மையான வணிகக் கணக்காகிவிட்டது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது அந்தச் சலுகை முடிவுக்கு வந்தது. தொலைக்காட்சியால் வரும் அழுத்தம் இன்னும் இருக்கிறது. ஏ சான்றிதழ் பெற்ற படத்தை அப்படியே ஒளிபரப்ப முடியாது என்பதால், அந்த எழுத்து ஒளிபரப்பு உரிமையின் விலையைக் குறைத்துவிடும். ஆகவே தயாரிப்பாளர் வாரியத்தின் முன் வந்து நிற்கும்போதே எந்த எழுத்து வேண்டும் என்று தீர்மானித்திருப்பார். எதை வெட்டினால் அது கிடைக்கும் என்பதே அங்கே பேச்சாகிறது.

வெட்டு காட்சியைக் குறைக்கும், கதையைத் தொடாது. ரத்தம் தெறிக்கும் நான்கு விநாடியை எடுத்துவிடலாம், கெட்ட வார்த்தையின் ஒலியை அணைக்கலாம். ஆனால் மறுக்கும் பெண்ணைத் தெருத்தெருவாகப் பின்தொடர்ந்து, அவள் தோழியை மிரட்டி, வீட்டு வாசலில் நின்று, கடைசியில் அவள் மனத்தை வென்றுவிடும் நாயகனை எந்தக் கத்தரிக்கோலாலும் எடுக்க முடியாது, அவன்தான் படமே. ரத்தமில்லை, ஆபாசமில்லை, வசவில்லை என்பதால் இத்தகைய கதை யு சான்றிதழோடு எளிதாக வந்துவிடும். பதின்மூன்று வயதுப் பையனுக்கு ஒரு சண்டைக் காட்சியைவிட இது அதிகம் கற்றுக்கொடுக்கும் என்பது என் உறுதியான கருத்து. சண்டையில் பத்துப் பேரை ஒருவன் அடிப்பது நடக்காது என்று அவனுக்குத் தெரியும். பெண்ணை விடாமல் துரத்தினால் அவள் இணங்கிவிடுவாள் என்பதை நடக்கக்கூடியதாகவே அவன் எடுத்துக்கொள்வான். வாரியத்தின் வழிகாட்டு நெறிகளில் பெண்களை இழிவுபடுத்தும் காட்சிகளைப் பற்றிய விதி இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது காட்சியைத்தான் பிடிக்கும்; இரண்டரை மணி நேரம் ஓடும் ஒரு மனப்போக்கைப் பிடிக்கும் வலை அதில் இல்லை.

இன்னொரு சிக்கல், அளவுகோலே நகர்வது. அமெரிக்காவில் 1968-இல் தொடங்கிய தரப்படுத்தும் முறையில் 1984-இல் பிஜி-13 என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அந்த ஆண்டு வந்த இண்டியானா ஜோன்ஸ் படத்தின் கொடூரக் காட்சிகளைப் பற்றிப் பெற்றோர் எழுப்பிய புகார் அதற்கு முக்கியக் காரணம். குழந்தைகளைக் காப்பதற்காகப் பிறந்த பிரிவு அது. ஆனால் பிராட் புஷ்மனும் அவருடன் பணியாற்றிய ஆய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, அதிக வசூல் செய்த படங்களை எடுத்துப் பார்த்தபோது, 1985-க்குப் பிறகு பிஜி-13 படங்களில் துப்பாக்கி வன்முறை மூன்று மடங்குக்கு மேல் பெருகியிருந்தது என்று காட்டியது. 2012-இல் அது பிஜி-13-ஐவிடக் கடுமையான ஆர் பிரிவுப் படங்களில் இருந்ததையும் தாண்டிவிட்டது. எழுத்து மாறவில்லை, அதற்குள் இருப்பது மாறிவிட்டது. ஏன் யாரும் கவனிக்கவில்லை என்பதற்கு டேனியல் ரோமரின் குழு 2014-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விடை கிடைக்கிறது. ஆயிரம் பெற்றோருக்கு வன்முறைக் காட்சிகளை அடுத்தடுத்துக் காட்டி, எந்த வயதுப் பிள்ளை இந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று கேட்டார்கள். முதல் காட்சிக்குப் பின் சராசரியாகப் பதினேழு வயது என்றவர்கள், ஆறாவது காட்சிக்குப் பின் பதினான்கு என்றார்கள். சில நிமிடங்களில் மூன்று வயது இறங்கிவிட்டது. அன்றாடம் இதையே பார்ப்பது தணிக்கைக் குழு உறுப்பினர்களின் வேலை. அவர்கள் கண்ணும் மனிதக் கண்தான்.

நம் நாட்டில் இதே வகையில் எண்ணிப் பார்த்த ஆய்வு எனக்குத் தெரிந்து இல்லை என்பதால் அமெரிக்கக் கணக்கை இங்கே ஒட்டவைக்க மாட்டேன். ஆனால் அளவுகோல் இங்கும் எப்படி நகர்கிறது என்பதை 2025-இல் ‘கூலி’ படம் தொடர்பாக நடந்த வழக்கு காட்டுகிறது. வன்முறையைக் காரணம் காட்டி அதற்கு வாரியம் ஏ சான்றிதழ் கொடுத்தபோது, இதே அளவு வன்முறை கொண்ட வேறு பெரிய படங்களுக்கு யுஏ கிடைத்திருக்கிறதே என்ற வாதத்தோடு தயாரிப்புத் தரப்பு சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. மனு தள்ளுபடியானது. பெற்றோர் கவனிக்க வேண்டியது தீர்ப்பைவிட அந்த வாதத்தை. சென்ற ஆண்டு அனுமதித்த காட்சி இந்த ஆண்டு கேட்பதற்கு நியாயமாகிறது. ஒவ்வொரு சலுகையும் அடுத்த சலுகைக்குப் படிக்கட்டாகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தையை எது பயமுறுத்தும் என்பதும் தணிக்கை எதை அளக்கிறது என்பதும் வேறுவேறு. வன்முறை, பாலியல், வசைமொழி, போதை என்று எண்ணக்கூடிய பொருட்களைக் குழு அளக்கிறது. திரைப்படப் பயம் பற்றிப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜோன் கேன்டர் காட்டியது, சின்னக் குழந்தை பொருளைவிடத் தோற்றத்துக்கு அஞ்சும் என்பதை. ‘ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்து அவரும் கிளென் ஸ்பார்க்ஸும் நடத்திய ஆய்வில், நல்லவனான மனிதன் பச்சை நிற அசுரனாக மாறும் இடத்தில்தான் பள்ளிக்குப் போகாத வயதுக் குழந்தைகள் மிகவும் அஞ்சினார்கள். அவன் காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்கு எட்டவில்லை. கொஞ்சம் பெரிய பிள்ளைகளோ அதற்கு முன்பு, மனிதர்கள் ஆபத்தில் சிக்கியபோது அஞ்சினார்கள். இதை நம் படங்களோடு பொருத்திப் பாருங்கள். உக்கிர வடிவெடுக்கும் தெய்வம், அழகான முகம் திடீரென்று கோரமாகும் பேய், வாய்பிளந்து திரும்பும் பொம்மை, காதைப் பிளக்கும் ஒலி: இவற்றில் ஒரு துளி ரத்தமும் இல்லாமலே ஐந்து வயதுக் குழந்தை நாள்கணக்கில் தனியாகக் குளியலறைக்குப் போக மறுக்கலாம். பேயும் நகைச்சுவையும் கலந்த படங்களைக் குடும்பப் படம் என்று நாம் கூட்டிப் போகிறோம். பெரியவர்கள் சிரிப்பதற்குக் காரணமான அந்த முகமே குழந்தை அழக் காரணம். எட்டு வயதுக்கு மேல் பயத்தின் வகை மாறுகிறது. வீட்டுக்குள் புகும் திருடன், கடத்தப்படும் குழந்தை, அம்மாவின் சாவு, தீ போன்ற நடக்கக்கூடியவை அப்போது வலுப்பெறுகின்றன. யுஏ 7+ என்ற எண்ணில் இந்த வேறுபாடு ஓரளவுதான் அடங்கும். அதுவும் உங்கள் பிள்ளையின் வரலாறு தெரியாத எண். அண்மையில் தாத்தாவை இழந்த ஒன்பது வயதுச் சிறுமிக்கு, மருத்துவமனைக் காட்சி வரும் ஒரு யு படம், பக்கத்து வீட்டுப் பிள்ளை சிரித்துக்கொண்டே பார்க்கும் யுஏ 13+ படத்தைவிடக் கனமாகலாம்.

ஆகவே என்ன செய்வது? தியேட்டரில் ஏ எழுத்தைச் சட்டம் என்று ஏற்றுக்கொள்ளுங்கள், அதில் பேரம் வேண்டாம். மற்ற எல்லா எழுத்துக்கும் அதன் பக்கத்தில் இருக்கும் சொற்களைத் தேடுங்கள். ஓடிடி தளங்களில் இது எளிது. 2021-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி தளங்கள் தாமே வயதுப் பிரிவைக் குறிக்க வேண்டும். கருப்பொருள், வன்முறை, நிர்வாணம், பாலியல், மொழி, போதைப்பொருள், திகில் ஆகியவற்றைப் பார்த்து அந்தப் பிரிவைத் தீர்மானிக்க வேண்டும், எந்தக் காரணத்தால் அந்தப் பிரிவு என்பதையும் தொடக்கத்தில் காட்ட வேண்டும். எண்ணைவிட அந்தக் காரணத்துக்கு மதிப்பு அதிகம். ‘13+ வசைமொழி’ என்றால் ஒரு முடிவு, ‘13+ திகில்’ என்றால் முற்றிலும் வேறு முடிவு. அதே விதிகள் 13+ பிரிவுக்கும் அதற்கு மேற்பட்டவற்றுக்கும் பெற்றோர் பூட்டு வசதி தரவும் தளங்களைக் கட்டாயப்படுத்துகின்றன. அது தானாகப் பூட்டிக்கொள்ளாது. கணக்கின் அமைப்புகளுக்குள் போய்ப் பிள்ளைக்குத் தனி புரொஃபைல் அமைத்து, பெரியவர் புரொஃபைலுக்குக் கடவு எண் போட்டால்தான் வேலை செய்யும். தளத்தில் வயதைக் குறிப்பது அந்தத் தளமேதான், சான்றிதழ் வாரியம் இல்லை என்பதையும், தியேட்டரில் ஓடிய வடிவத்துக்கும் தளத்தில் இருப்பதற்கும் வேறுபாடு இருக்கக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

தியேட்டர் படத்துக்கு இன்னொரு வழி உண்டு. பெரிய தமிழ்ப் படங்கள் பிரிட்டனிலும் சிங்கப்பூரிலும் வெளியாகின்றன. 1912-இல் தொடங்கிய பிரிட்டிஷ் திரைப்பட வகைப்பாட்டு வாரியம் எண்ணோடு நிற்பதில்லை. படத்தில் எந்த வகை வன்முறை, எவ்வளவு அழுத்தம், என்ன மிரட்டல் என்று சில வரிகளில் எழுதித் தன் இணையதளத்தில் யாரும் படிக்க வைத்திருக்கிறது. தமிழ்ப் படத்தின் பெயரைப் போட்டுத் தேடினால், இங்கே யுஏ என்ற எழுத்துக்குள் மறைந்திருக்கும் பல விவரங்கள் அங்கே கிடைக்கும். அவர்களுடைய எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. அவர்கள் சமூகத்தின் கவலைகள் வேறு; வசைமொழியில் அவர்களுக்கு இருக்கும் கணக்கும் நமக்கு இருப்பதும் ஒன்றாகாது. விவரத்தை எடுத்துக்கொண்டு முடிவை நீங்கள் எடுங்கள். ட்ரெய்லரை மட்டும் இதற்கு நம்பாதீர்கள். அது ஆளைக் கூட்டுவதற்காக வெட்டப்பட்டது. நகைச்சுவைத் துணுக்குகளை முன்னால் வைத்துக் கனமான பகுதியை மறைப்பது வழக்கம். முதல் மூன்று நாள் விட்டுவிட்டு, பார்த்து வந்த ஒருவரிடம் நேரடியாகக் கேட்பது மிகச் சிறந்த வழி. ‘நல்லா இருக்கா?’ என்று கேட்டால் பயனில்லை. ‘சின்னப் பிள்ளை பயப்படும் இடம் உண்டா, யாராவது சாகிறார்களா, பெண்ணை எப்படிக் காட்டியிருக்கிறார்கள்?’ என்று கேளுங்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் இவ்வளவு பாடு முடியுமா என்ற மறுப்பு நியாயமானது. இரண்டு பேரும் வேலைக்குப் போகும் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் ஒரே ஓய்வு. ஆனால் இந்தப் பாடு எல்லாப் படத்துக்கும் தேவைப்படாது. பத்து வயதுக்கு மேற்பட்ட, எளிதில் அஞ்சாத பிள்ளைக்கு யு படமென்றால் ஒருவரிடம் கேட்டாலே போதும். பேய்ப் படம், பழிவாங்கும் படம், குழந்தை காணாமல் போகும் கதை ஆகிய மூன்றுக்கும், ஏழு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை உடன் வரும் எந்தப் படத்துக்கும் முன்கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

நாங்களும் சின்ன வயதில் எல்லாவற்றையும் பார்த்து வளர்ந்தவர்கள்தானே, என்ன கெட்டுவிட்டது என்பது இன்னொரு மறுப்பு. பெரும்பாலோர் கெடவில்லை என்பது உண்மை. ஆனால் கெடுவது வேறு, துன்பப்படுவது வேறு. கேன்டரும் கிறிஸ்டன் ஹாரிசனும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், விஸ்கான்சின், மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்கள் சுமார் 150 பேரிடம் சிறுவயதில் தங்களை அச்சுறுத்திய படம் பற்றிக் கேட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு அப்படி ஒன்று இருந்தது. நான்கில் ஒருவருக்கு அதன் பதற்றம் அப்போதும் மிச்சமிருந்தது. நன்றாகப் படித்து வேலைக்குப் போன மனிதருக்குள்ளும் அது தங்கியிருக்கலாம். தவிர்க்கக்கூடிய ஒரு துன்பத்தை, தாங்கிக்கொள்ளலாம் என்பதற்காகவே பிள்ளைக்குக் கொடுக்க வேண்டியதில்லை. கைபேசியில் எல்லாம் பார்க்கிறார்களே, தியேட்டரில் மட்டும் எதற்குக் காவல் என்று கேட்பவர்களுக்கும் ஏறக்குறைய இதே விடைதான். கைபேசியில் பிள்ளை காட்சியை நிறுத்தலாம், ஒலியைக் குறைக்கலாம். இருட்டில், தப்ப முடியாத பெரிய திரையின் முன் அவனை உட்கார வைப்பது நாம். பணம் கொடுத்து அழைத்து வந்தவர்களும் நாம்.

எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் மறுப்புதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது: இப்படிப் பார்த்துப் பார்த்து வளர்த்தால் உலகம் தெரியாமல் போய்விடாதா? போய்விடும், எழுத்தை மட்டும் பார்த்து மறைத்தால். ‘ஜெய் பீம்’ 2021-இல் ஏ சான்றிதழ் பெற்றது. காவல் நிலையச் சித்திரவதையை அது காட்டும் விதத்துக்கு அந்த எழுத்து பொருத்தமானதே. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அதைக் காட்டக் கூடாது. ஆனால் 1993-இல் நடந்த உண்மைக் கொடுமையையும் நீதிமன்றத்தில் அதற்காக நடந்த போராட்டத்தையும் அடிப்படையாகக் கொண்ட அந்தப் படத்தை, பதினேழு வயதில் சட்டம் படிக்க நினைக்கும் மகளோடு வீட்டில் சேர்ந்து உட்கார்ந்து, வேண்டிய இடத்தில் நிறுத்திப் பேசிப் பார்ப்பதைப் பொறுப்பற்ற செயல் என்று நான் சொல்ல மாட்டேன். ஏ என்பது அசிங்கம் என்று பொருள்படாது, யு என்பது உயர்வு என்றும் பொருள்படாது. எழுத்தைத் தாண்டிப் படிக்கக் கற்ற பெற்றோரால் சில யு படங்களை மறுக்கவும், சில கனமான படங்களைத் தக்க வயதில் தாமே எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

இத்தனைக்குப் பிறகும் தவறிப்போகும். பாதிப் படத்தில் பிள்ளை உங்கள் கையை இறுகப் பிடித்தால் வயதைப் பார்த்துச் செயல்படுங்கள். ஏழு வயதுக்குள் இருந்தால் ‘இது பொய்தானே’ என்ற விளக்கம் வேலை செய்யாது. மடியில் வைத்து அணைத்துக்கொள்வது, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வது, தயங்காமல் வெளியே தூக்கிப் போவது ஆகியவை உதவும். பெரிய பிள்ளைக்குக் கண்ணை மூடுவது பயத்தைக் கூட்டக்கூடும், ஒலி மட்டும் கேட்கும்போது கற்பனை இன்னும் மோசமாக ஓடும். அவர்களுக்குத்தான் விளக்கம் பலிக்கும். டிக்கெட் காசு வீணாகிறதே என்று இடைவேளை வரை காத்திருக்காதீர்கள். வெளியே வந்த பின் ‘இதுக்கெல்லாமா பயப்படுவே’ என்று கேலி செய்யாதீர்கள். அடுத்த முறை பயந்தால் அவன் உங்களிடம் சொல்லமாட்டான். எந்த இடத்தில் பயம் வந்தது என்று மட்டும் மெல்லக் கேட்டு வையுங்கள். அடுத்த படத்துக்கு முன் பார்த்து வந்தவரிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதிலிருந்து கிடைக்கும்.